செசிலியம்மாவைக் கூட்டிட்டு செசிலியாவைப் பாக்கப் போன கதை: ரோம், பொலோன்யா 6 நாள்

நவம்பர் 18, 2024, திங்கள், ரோம்

தினமும் ராத்திரி ரூம்ல படுத்துக்கிட்டே போன்ல கிறுக்கி வெச்சது இது. அம்மாவை ஊருக்கு பிளைட் ஏத்தி விட்டாச்சு, வீடு காலியா கிடக்கு, அதனால ஒவ்வொரு நாளா எடுத்துப் போடுறேன். எழுத்துப் பிழைய எல்லாம் கண்டுக்காதீங்க.

நான் பிராங்க்ஃபர்ட்ல வேலை பாக்குறேன். அம்மா ரெண்டு மாசம் என்கூட இருக்க வந்தாங்க. பேரு செசிலி. நாகர்கோவில் பக்கம் எங்க பங்குக் கோயில்ல 26 வருஷம் பாடகர் குழுல ஆர்மோனியம் வாசிச்சவங்க, கீபோர்டு வந்ததும் "டீச்சர் ரெஸ்ட் எடுங்க"ன்னு மரியாதையா ஓரங்கட்டிட்டாங்க. எங்க வீட்டு முன் ரூம்ல ஒரு பழைய காலண்டர் படம் உண்டு, புனித செசிலியா ஆர்கன், அதாவது குழல் வெச்ச கோயில் வாத்தியம், முன்னாடி உக்காந்து ரெண்டு கையும் கட்டைல வெச்சு மேல பாத்துட்டு இருப்பாங்க, பின்னாடி சம்மனசுகள், அதாவது தேவதூதருங்க. பாட்டுக்காரங்களுக்கு பாதுகாவலி. அவங்க பேர்ல இருக்குற கோயில் ரோம்ல, அவங்களை வரைஞ்ச ரொம்ப பேர்போன படம் பொலோன்யாவுல, ரெண்டையும் காட்டிடலாம்னு நான் போட்ட பிளான் இது. பாரிஸ் போகலாமான்னு கேட்டதுக்கு "அங்க எனக்கு யாரு இருக்கா?"ன்னுட்டாங்க.

வந்து இறங்குனதுல இருந்து மழை. அடுத்த வருஷம் ஜூபிலியாம், கத்தோலிக்கருங்களோட புனித ஆண்டு, அதுக்காக ஊரையே தோண்டிப் போட்டு வேலி கட்டி வெச்சிருக்கான். குடை விக்கிற பங்களாதேஷ் தம்பி 8 யூரோ சொன்னார், அம்மா அஞ்சு விரலைக் காட்டி தமிழ்லயே பேரம் பேசி 5 யூரோக்கு முடிச்சாங்க. இந்தக் குடையோட கதை பின்னாடி வரும்.

மழைக்கு ஒதுங்கலாம்னு பான்தியோன்ங்கிற பழைய ரோமானியக் கட்டடத்துக்குப் போனோம். டிக்கெட் ஆளுக்கு 5 யூரோ. கூரைக்கு நடுவுல பெரிய வட்ட ஓட்டை, அது வழியா மழை உள்ளயே கொட்டுது, தரைல சின்னச் சின்ன துளை போட்டு தண்ணி வடிய விட்டிருக்கான். அம்மாவுக்கு அது புதுசாவே தெரியல, "நம்ம பழைய வீட்டு முற்றம் மாதிரி தான மக்ளே, கொஞ்சம் பெருசு"ன்னாங்க. இந்தக் கட்டடத்துக்குள்ள தான் ரஃபேல் கல்லறை இருக்கு. விமானம் இல்ல, ஓவியர். 1483ல உர்பினோங்கிற சின்ன ஊர்ல பொறந்தவர், அப்பாவும் ஓவியர் தான். 1520 ஏப்ரல் 6, பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கு செத்துப்போனார், வயசு 37. உயிரோட இருந்தப்ப இவன் நம்மள ஜெயிச்சிடுவானோன்னு இயற்கை பயந்துச்சு, செத்ததும் கூடவே தானும் செத்துருவோமோன்னு பயந்துச்சுன்னு கல்லறை மேல லத்தீன்ல எழுதி வெச்சிருக்கு. அர்த்தம் சொன்னதும் அம்மா, "37 வயசு என்ன வயசு, கண்ணு பட்டிருக்கும்"னாங்க. நாம பாக்கப் போற படத்தை வரைஞ்சவர் இவர் தான்மான்னேன். அப்படியான்னு நின்னு ஒரு சிலுவை போட்டு ஜெபம் சொல்லிட்டு வந்தாங்க.

வெளிய வந்து கால் வலிக்குதுன்னு அந்த முச்சந்திலயே ஒரு கடைல உக்காந்தேன் பாருங்க, அது என் புத்தி. ரெண்டு காப்பி 11 யூரோ. நின்னு குடிச்சா ஒரு விலை, உக்காந்தா வேற விலைன்னு தெரியும், ஆனா மழைல மறந்துபோச்சு. அம்மா அந்த இடத்துலயே 89ஆல பெருக்கி "979 ரூபா, அதுவும் காப்பி கால் டம்ளர்"னு சொல்லிட்டு ராத்திரி படுக்குற வரைக்கும் அதையே சொன்னாங்க.

நவம்பர் 19, செவ்வாய், ரோம், த்ராஸ்தேவெரே

ஆத்துக்கு அந்தப் பக்கம், பழைய சந்துகள், செவுத்துல கொடி. சாந்தா செசிலியா கோயில். உள்ள நுழைஞ்சா ஒரு தோட்டம், நடுவுல பெரிய கல்லு ஜாடி, அதுல தண்ணி. ஊர் சத்தமே உள்ள வரல. செசிலியாவோட வீடு இருந்த இடத்துல கட்டுன கோயில்னு நம்பிக்கை.

பீடத்துக்குக் கீழ வெள்ளைப் பளிங்குல அவங்க படுத்திருக்காங்க. ஸ்தெஃபானோ மதெர்னோ 1600ல செஞ்சது. நான் படத்துல பாத்திருக்கேன், ஆனா நேர்ல பாத்தப்ப தொண்டை அடைச்சிருச்சு. ஒருக்களிச்சு படுத்த மேனிக்கு முகம் மட்டும் அந்தப் பக்கம் தரையைப் பாத்து திரும்பிருக்கு, தலைல துணி, கழுத்துல வெட்டுக்கோடு. ஒரு கைல மூணு விரல், இன்னொரு கைல ஒரு விரல் நீட்டியிருக்கு, மூணு ஆளா இருந்தும் ஒரே கடவுள்ங்கிறதை செத்தும் சொல்றாங்கன்னு அர்த்தம் சொல்றாங்க. 9ம் நூற்றாண்டுல போப் முதலாம் பாஸ்கால் கேட்டக்கோம்ப்ங்கிற நிலத்தடிக் கல்லறைல இருந்து உடலை இங்க கொண்டு வந்து வெச்சார். 1599ல கர்தினால் ஸ்ஃபொன்ட்ராத்தி கோயிலை புதுப்பிக்கும்போது பெட்டியைத் திறந்தா உடல் இப்படித் தான் இருந்துச்சுன்னும், நான் கண்ணால பாத்த மாதிரியே செஞ்சேன்னும் சிற்பி கல்லுல எழுதி வெச்சிருக்கார்.

அம்மா அரை மணி நேரம் முழங்கால்ல. அப்புறம் எழுந்திரிக்க முடியல, மூட்டு. நான் ஒரு கை, பக்கத்து பெஞ்சுல இருந்த ஒரு சிஸ்டர் ஒரு கை பிடிச்சுத் தூக்குனோம். தூக்கும்போது அம்மா "ஏசுவே"ன்னதும் அந்த சிஸ்டர், "நாட்டுல எவிடயா?"ன்னாங்க. மலையாளி! ரோம்ல எந்தக் கோயில்ல போய் தடுக்கி விழுந்தாலும் ஒரு கேரளா சிஸ்டர் தூக்கி விடுவாங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒரு சேட்டன் சொன்னது நெசம் தான். எங்க அம்மாவுக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு, ரெண்டு பேரும் தோட்டத்து திண்ணைல உக்காந்து ஆரம்பிச்சாங்க, நான் குடையைப் பிடிச்சுட்டு நின்னேன்.

பேச்சுல ஒரு குண்டு விழுந்துச்சு. அம்மா தன் பேரையும் ஆர்மோனியத்தையும் சொன்னாங்க. சிஸ்டர் சிரிச்சுட்டே, "சேச்சி, செசிலியா ஒண்ணும் வாசிச்சதில்லல்லோ"ன்னாங்க. கதை என்னன்னா, செசிலியாவுக்கு வலேரியன்னு ஒருத்தரோட கல்யாணம். இவங்களோ கன்னியாவே இருப்பேன்னு கடவுளுக்கு வாக்கு கொடுத்தவங்க. கல்யாண வீட்டுல வாத்தியம் எல்லாம் முழங்குது, இவங்க மட்டும் மனசுக்குள்ள கடவுளுக்காகப் பாடுனாங்கன்னு பழைய வரலாற்றுல ஒரு வரி. அந்த வரிய பூசைப் பாட்டுல எடுத்தப்ப "மனசுக்குள்ள"ங்கிறது சில இடத்துல விட்டுப்போச்சு. வாத்தியம், செசிலியா, பாட்டு, மூணும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. அப்படியே காலப்போக்குல வாசிச்சதே இவங்க தான்னு ஆகி, ஓவியருங்க கைல ஆர்கனைக் கொடுத்துட்டாங்க. அப்புறம் அவங்க புருஷன், மச்சினன் எல்லாரும் மனசு மாறி ஞானஸ்நானம் வாங்கி, வேதத்துக்காக செத்து, கடைசில செசிலியாவை வெந்நீர் அறைல போட்டு ஆவில மூச்சு முட்ட வெச்சுப் பாத்தும் சாகாம, கழுத்துல மூணு வெட்டு வெட்டியும் மூணு நாள் உயிரோட இருந்தாங்கன்னு போகுது. அந்த வெந்நீர் அறைன்னு சொல்ற இடம் கோயில்லயே ஒரு சிற்றாலயமா இருக்கு.

அம்மா முகம் சுருங்கிருச்சு. வெளிய வந்து சுப்ளி வாங்கிக் கொடுத்தேன், சோத்தைத் தக்காளில கிளறி உருட்டி உள்ள சீஸ் வெச்சு பொரிச்சது, போண்டாவுக்கு ஒண்ணு விட்ட தம்பி, ஒண்ணு 2.50. சூடா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு. மெதுவா மென்னுட்டே, "அப்ப அந்த காலண்டர் படம் பொய்யா மக்ளே?"ன்னாங்க. ராத்திரி லைட் அணைச்ச பிறகும் ஒரு தடவை, "வாசிக்கவே தெரியாதாமா?"

நவம்பர் 20, புதன், பொலோன்யா

ரயில்ல போகும்போது அம்மா சாதாரணமா இன்னைக்கு தேதி என்னன்னு கேட்டாங்க. 20ன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியா பாத்துட்டு, "22 தான செசிலியா திருநாள், நம்ம அவங்க கோயில் இருக்குற ஊரை விட்டுட்டுப் போறோமே"ன்னாங்க. எனக்கு பகீர்னு ஆயிருச்சு. லீவு, பிளைட் விலை, ஹோட்டல் எல்லாம் பாத்த நான் இதைப் பாக்கல. பொறந்த நாள் கேக்கை மொத நாள் வெட்டிட்டு பொறந்த நாள் அன்னைக்கு வேற ஊருக்குப் போற மாதிரி. திரும்பிப் போக ஒரு டிக்கெட் தேடிப் பாத்தேன், விலையைப் பாத்து அம்மாவே வேண்டாம்னுட்டாங்க.

பொலோன்யாவுலயும் மழை. ஆனா ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சுது, இங்க குடையே தேவையில்ல. ஊர் பூரா வீடுகளுக்குக் கீழ தூண் வெச்ச நடைபாதை, போர்த்திகோம்பாங்க, வளைவு வளைவா போய்க்கிட்டே இருக்கு. பழைய ஊருக்குள்ள மட்டும் 38 கிலோமீட்டர், 2021ல யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னம் ஆக்கிருக்கு. பல்கலைக்கழகத்துக்கு பசங்க வந்து குவிய, இடம் பத்தாம வீட்டு மாடியை தெருப்பக்கம் நீட்டி தூண் கொடுத்திருக்காங்க, அப்புறம் அதையே சட்டமாக்கி, சொந்தக்காரன் பராமரிக்கணும் ஆனா ஊர்ல யாரு வேணா நடக்கலாம்னு வெச்சுட்டாங்க. 5 யூரோ குடையை நாலு நாள் சும்மா தூக்கிட்டு அலைஞ்சேன். அம்மா தினமும் "445 ரூபா"ன்னு அதைப் பாத்து சொல்லுவாங்க.

ரெண்டு கோபுரம் கிட்ட போனா ஏற முடியாது. சின்னது, கரிசெந்தா, 48 மீட்டர், கண்ணுக்கே தெரியுற மாதிரி சாய்ஞ்சு நிக்குது. 2023 அக்டோபர்ல சாய்வு மோசமாகுதுன்னு சுத்தி அடைச்சாச்சு, பக்கத்துல இருக்குற 97 மீட்டர் அசினெல்லியும் மூடல். "நல்லதாப் போச்சு, 498 படியாம்"னேன். அம்மாவுக்கு அதுல சந்தோஷம்.

மார்க்கெட் சந்துல மோர்த்ததெல்லா ரொட்டி, 6 யூரோ. பன்றிக்கறியை வெண்ணை மாதிரி அரைச்சு வேக வெச்சு காகிதம் கனத்துக்கு சீவி வைக்கிறது. எங்க அம்மா பன்றிக்கறில கண்டிப்பான ஆளு, மிளகு போட்டு வறுத்தா தான் கறி, ஆனா ரெண்டு ரொட்டி சாப்ட்டாங்க. ராத்திரி தாலியத்தெல்லே அல் ராகு, 13 யூரோ, அகல நூடுல்ஸ் மேல கறியை மணிக்கணக்கா சுண்ட வெச்ச குழம்பு. இங்க யார்கிட்டயும் ஸ்பகெத்தி பொலோனியேஸ்னு கேட்டுறாதீங்க, எனக்கு முன்னாடி மேசைல ஒரு ஆள் கேட்டு, பரிமாறுன பெரியவர் கண்ணை மூடித் திறந்தார் பாருங்க, அவ்ளோ தான், ஒண்ணும் பேசல. அம்மா கேட்டது மிளகாய். எண்ணெய்ல ஊறுன காஞ்ச மிளகா ஒரு சின்ன கிண்ணத்துல வந்துச்சு, முழுசையும் ஊத்திக்கிட்டாங்க, அந்தப் பெரியவர் "பிராவா சிஞ்ஞோரா"ன்னு கை தட்டுனார். பில்லுல ஆளுக்கு 3 யூரோ கோபெர்த்தோ, அதாவது மேசைல உக்காந்ததுக்கு. அம்மா மொழில "தட்டு வாடகை".

நவம்பர் 21, வியாழன், பொலோன்யா

இன்னைக்கு தான் படம். பினகோதேகா நாசியோனாலே, அதாவது தேசிய ஓவியக் கூடம், பல்கலைக்கழகப் பக்கம், தெரு பூரா பசங்க சைக்கிள், செவுத்துல கிறுக்கல். உள்ள ஜோத்தோங்கிற பழைய ஓவியர் கையெழுத்துப் போட்ட படம் ஒண்ணு இருக்கு, இன்னும் நூறு மாதா படம் இருக்கு, எல்லாத்தையும் வேகமா தாண்டி வந்துட்டோம், மன்னிச்சுக்கோங்க.

படம் ஆள் உயரத்தை விட பெருசு, ஏழரை அடிக்கு மேல. அஞ்சு புனிதருங்க நிக்கிறாங்க. நடுவுல செசிலியா, தங்க மஞ்சள் உடுப்பு. இடது ஓரத்துல பவுல், ஒரு கையை வாள் மேல ஊனி, இன்னொரு கையை தாடைல வெச்சு, குனிஞ்சு யோசனைல இருக்கார். அப்புறம் யோவான், கீழ அவரோட கழுகு. அந்தப் பக்கம் ஆயர், அதாவது பிஷப், கோலோட அகுஸ்தீன். வலது ஓரத்துல மதலேன் மரியா, கைல தைலச் சிமிழ். இவங்க மட்டும் நேரா நம்மளைப் பாக்குறாங்க, ரூமுக்குள்ள யாரு வந்தாலும் வாங்கங்கிற மாதிரி. மேல வானம் பிளந்து ஆறு சம்மனசுகள் புஸ்தகத்தை வெச்சு பாடிக்கிட்டு இருக்காங்க. செசிலியா அண்ணாந்து அதைக் கேக்குறாங்க.

நான் இதெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லிட்டு வர்றேன், அம்மா எதையும் காதுல வாங்கல. கையைப் பிடிச்சு இழுத்து மெதுவா, "மக்ளே, பெட்டியைத் தலைகீழா பிடிச்சிருக்கா பாரு"ன்னாங்க.

ஆமா. நான் இத்தனை தடவை போன்ல அந்தப் படத்தைப் பாத்திருக்கேன், அது மனசுல பதியவே இல்ல. கைல சின்ன ஆர்கன், குழல் எல்லாம் கீழ பாத்து தொங்குது, ஒண்ணு ரெண்டு சட்டத்தை விட்டு நழுவி விழப்போகுது. அவங்க அதைக் கவனிக்கக் கூட இல்ல. காலடில வேற வாத்தியங்கள் குப்பை மாதிரி கிடக்கு. கால் நடுவுல வெச்சு வாசிக்கிற பெரிய வயோலா தந்தி அறுந்து கிடக்கு, முக்கோண மணி, கஞ்சிரா, புல்லாங்குழல், ஜால்ரா, மேளம். இந்த வாத்தியங்களை மட்டும் வரைஞ்சது ரஃபேல் இல்ல, அவர் கூட வேலை பாத்த ஜொவான்னி த உதினேன்னு வசாரி எழுதியிருக்கார், அந்தக் காலத்து ஓவியருங்க வாழ்க்கையெல்லாம் எழுதி வெச்ச ஆளு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி ஒண்ணு. இந்தப் படத்துக்கு ரஃபேல் முதல்ல போட்ட வரைவு வேற. அது மார்க்கந்தோனியோ ரைமோந்தி செதுக்குன அச்சுப் படமா இன்னைக்கும் இருக்கு, அதுல மேல சம்மனசுகளும் வாத்தியம் வாசிக்கிறாங்க, மதலேனும் மேல பாக்குறாங்க. கடைசில வரையும்போது மனுஷன், சம்மனசுகள் கைல இருந்த வாத்தியத்தை எல்லாம் எடுத்துட்டார். மேல வெறும் குரல். வாத்தியம் எல்லாம் கீழ தரைல. நேத்து முந்தாநேத்து அந்த சிஸ்டர் சொன்ன "மனசுக்குள்ள" இருக்கு பாருங்க, அதை அவர் சரியா பிடிச்சிருக்கார். வாசிக்கிற கையை நிறுத்தி காதைத் திறந்து வெச்ச நேரத்தை வரைஞ்சிருக்கார். காலண்டர்காரன் அதுக்கு அப்புறமும் கட்டைல கையை வெச்சுட்டே தான் இருக்கான், அது வேற விஷயம்.

இதை வரையச் சொன்னது எலெனா துலியோலின்னு பொலோன்யாக்காரம்மா ஒருத்தங்க. புருஷன் பேரு பெனெதெத்தோ தல்லோலியோ, நோட்டரி. இவங்களும் செசிலியா மாதிரியே கல்யாணம் ஆகியும் கன்னியா வாழ்ந்தாங்கன்னு ஊரே பேசுச்சு. செசிலியா பேர்ல ஒரு சிற்றாலயம் கட்டணும்னு தோணி, சான் ஜொவான்னி இன் மோந்தே கோயில்ல கட்டி, அதுக்காக இந்தப் படம், 1514ல இருந்து 1516 வாக்குல. அப்ப ரஃபேல் ரோம்ல போப்புக்கு வேலை பாத்துட்டு இருந்த பெரிய கை, அவர்கிட்ட படம் கேக்க கர்தினால் லொரென்சோ புச்சி மூலமா சிபாரிசு போயிருக்கு. எலெனாவுக்கு 1828ல திருச்சபை முத்திப்பேறு பட்டமும் கொடுத்துச்சு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படி. அம்மாவோட கேள்வி ஒண்ணே ஒண்ணு தான், "அந்த நோட்டரி என்ன சொன்னாராம்?" அதை யாரும் எழுதி வெச்ச மாதிரி தெரியல மா.

நெப்போலியன் ஆளுங்க 1796ல இதைப் பிடுங்கிட்டு பாரிஸ் கொண்டு போயிட்டாங்க. பலகைல வரைஞ்ச படம் இது, அங்க வெச்சு துணிக்கு மாத்திட்டாங்க. எப்படின்னா, முன்பக்கத்துல காகிதமும் துணியும் பசை போட்டு ஒட்டி, கவுத்துப் போட்டு, பின்னாடி மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இழைச்சு இழைச்சு எடுத்து, சாயத் தோல் மட்டும் மிச்சம் நிக்கும்போது கித்தான்ல ஒட்டி, அப்புறம் முன்பக்கக் காகிதத்தை ஈரம் பண்ணி உரிக்கிறது. கேக்கும்போதே உள்ளங்கை வேர்க்குது. 1815ல நெப்போலியன் கதை முடிஞ்ச பிறகு தான் திரும்பி வந்துச்சு.

அம்மா நின்னுட்டே இருந்தாங்க, கால் மாத்தி மாத்தி. ஓரத்துல இருந்த காவல் அம்மா, அவங்களும் அறுபது இருக்கும், தன் நாற்காலியைத் தூக்கிட்டு வந்து படத்துக்கு முன்னாடி போட்டு உக்காருங்கன்னு கை காட்டுனாங்க. எனக்குத் தெரிஞ்ச பத்து வார்த்தை இத்தாலியன்ல, எங்க அம்மா பேரும் செசிலியான்னேன். அவங்க கண்ணு விரிஞ்சுது. "தொமானி! ஒனோமாஸ்திகோ!"ன்னு நாளைக்கு நாளைக்குன்னு சொல்லி, ரெண்டு கன்னத்துலயும் முத்தம் கொடுத்துட்டாங்க. எங்க அம்மாவுக்கு வெளியாட்கள் முத்தம் கொடுத்தது அதான் முதல் தடவையா இருக்கும், நாற்காலில விறைச்சுப் போய் உக்காந்திருந்தாங்க. இந்த ஊர்ல பேருக்கு உரிய புனிதர் திருநாளை பொறந்த நாள் மாதிரி கொண்டாடுவாங்களாம். நம்ம பக்கம் பங்குச் சாமியாருங்களுக்கு பேர் விழா வைப்போம்ல, இங்க எல்லாருக்கும்.

அப்புறம் ஒரு இருபது நிமிஷம் நான் அடுத்த ரூம்ல சுத்தினேன். திரும்பி வந்தப்ப அம்மா விரல் மடில மெதுவா அசைஞ்சுட்டு இருந்துச்சு, இடது கை துருத்தி மாதிரி. என்ன பாட்டுன்னு கேக்கல.

நவம்பர் 22, வெள்ளி, பொலோன்யா

காலைல காப்பிக் கடைல, இந்தத் தடவை நின்னுட்டே, 1.30. கூட்டத்துல சும்மா சொல்லிப் பாத்தேன், இன்னைக்கு அம்மாவுக்கு ஒனோமாஸ்திகோன்னு. கடைக்காரர் பெல் அடிச்சு கடை பூரா சொல்லிட்டார். காப்பிக்கு காசு வாங்கல, கூட கோர்னெத்தோன்னு கிரீம் வெச்ச ரொட்டி ஒண்ணும் வந்துச்சு. தெரியாத நாலஞ்சு பேர் "ஔகுரி"ன்னு போற போக்குல வாழ்த்துனாங்க. ஒரு தாத்தா தன் பொண்டாட்டி பேரும் செசிலியா தான்னு பர்ஸ்ல இருந்து போட்டோ எடுத்துக் காட்டுனார். "ரோம்ல இருந்திருந்தா யாரு என்னைக் கண்டுக்கப் போறா?"ன்னு அம்மா சொன்னப்ப தான் எனக்கு ரெண்டு நாளா அடிவயித்துல இருந்த கல்லு இறங்குச்சு.

சாம்போனி தெருவுல சான் ஜாக்கோமோ கோயிலை ஒட்டி செசிலியா பேர்ல ஒரு சின்ன ஜெபக்கூடம். டிக்கெட் கிடையாது, உண்டியல் மட்டும். ரெண்டு செவுத்துலயும் செசிலியா, வலேரியன் கதை பத்து சுவரோவியமா போகுது, கல்யாணத்துல ஆரம்பிச்சு அடக்கத்துல முடியுது. 1505, 1506ல ஊரை ஆண்ட ஜொவான்னி பென்திவோலியோ சொல்லி, ஃபிரான்சியா, லொரென்சோ கோஸ்தா, அமிக்கோ அஸ்பெர்த்தினி எல்லாரும் சேர்ந்து போட்டது. படம் முடிஞ்ச அதே 1506ல பென்திவோலியோவை போப் துரத்திட்டார், அடுத்த வருஷம் ஜனங்க அவன் அரண்மனையை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கிட்டாங்க. பக்கத்துத் தெருவுக்கு இன்னைக்கும் குவாஸ்தோ, அதாவது இடிபாடுன்னு தான் பேரு. அரண்மனை போச்சு, செசிலியா செவுத்துல நிக்கிறாங்க.

கல்யாணப் படமும் அடக்கப் படமும் ஃபிரான்சியா கை. மோதிரம் மாத்துறப்ப செசிலியா முகத்துல சந்தோஷமும் இல்ல துக்கமும் இல்ல, பஸ்ஸுக்குக் காத்திருக்குற மாதிரி நிக்கிறாங்க. அம்மாவுக்கு இதான் ரொம்பப் பிடிச்சுது, "இதான் மக்ளே கல்யாணப் பொண்ணு மூஞ்சி"ன்னாங்க. ஃபிரான்சியா பொலோன்யாவோட பெரிய ஓவியர், பொற்கொல்லரும் கூட. வசாரி இவரைப் பத்தி ஒரு கதை விட்டிருக்கார். ரஃபேல் தன் செசிலியா படத்தைப் பெட்டில வெச்சு ஃபிரான்சியாவுக்கு அனுப்பி, கீறல் எதும் இருந்தா சரி பண்ணி, பிசகு இருந்தா திருத்தி, பீடத்துல ஏத்தி விடுங்க அண்ணாச்சிங்கிற தோரணைல கடுதாசியும் எழுதுனாராம். பெட்டியைத் திறந்து பாத்த ஃபிரான்சியா, நம்ம வரைஞ்சதெல்லாம் ஒண்ணுமே இல்லையேன்னு மனசு உடைஞ்சு படுத்து, கொஞ்ச நாள்ல செத்துப்போனாராம். 1517 தொடக்கத்துல அவர் செத்தது உண்மை. படம் பாத்து செத்தார்ங்கிறதை இப்ப ஆராய்ச்சிக்காரங்க யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல. வசாரி வசிச்சது ஃப்ளோரன்ஸ், அடுத்த ஊர்க்காரன் எப்பவும் ஒரு படி கீழ தான் அவருக்கு. பொலோன்யாக்காரங்களும் சும்மா இல்ல, 17ம் நூற்றாண்டுல மால்வாசியான்னு ஒருத்தர் தன் ஊர் ஓவியருங்க பெருமையை எழுதும்போது, ரஃபேலை உர்பினோ பானைக்காரன்னு ஒரு இடத்துல எழுதி வாங்கிக் கட்டிக்கிட்டார். எனக்கென்னவோ ரெண்டு நாள் இந்த ஊர் சோறு தின்ன நன்றிக்கு ஃபிரான்சியா பக்கம் தான் மனசு போகுது. அந்தக் கல்யாணப் பொண்ணு மூஞ்சிய வரைஞ்ச ஆளு படம் பாத்து சாகுற ஆளு இல்ல.

மத்தியானம் தொர்தெல்லினி இன் ப்ரோதோ, விரல் நுனி அளவு கறிக் கொழுக்கட்டை, சூப்புல மிதக்குது, 14 யூரோ. காய்ச்சல்காரங்களுக்கு கொடுக்குற மாதிரின்னு நான் நெனச்சேன், அந்தக் குளிர்ல அது தான் மருந்து.

சாயங்காலம் சான் ஜொவான்னி இன் மோந்தே. பேருல மோந்தே, அதாவது மலை, ஆனா மலைன்னு சொல்ல முடியாது, பத்து இருபது படி ஏத்தம். வாசல் மேல சுட்ட மண்ணுல ஒரு கழுகு, நிக்கொலோ தெல்லார்கா செஞ்சது, யோவானோட கழுகு தான், நேத்து படத்துல காலடில பாத்த அதே கணக்கு. உள்ள எலெனாவோட சிற்றாலயம். ரஃபேல் படத்துக்குன்னு செஞ்ச மரச் சட்டம் இன்னும் இங்கயே இருக்கு, ஃபொர்மிஜினே செதுக்குனது, பொன் பூசி அவ்ளோ வேலைப்பாடு, உள்ள இருக்குறது மட்டும் நகல். நேத்து வெறும் ரூம்ல விளக்கு வெளிச்சத்துல பாத்தது இங்க மெழுகுவர்த்திக்கு முன்னாடி வேற மாதிரி இருக்கு. நகல் தான்னு தெரிஞ்சும் அம்மா இங்க தான் முழங்கால் போட்டாங்க, நேத்து அசலுக்கு முன்னாடி போடல.

திரும்பி வரும்போது என் ஷூ அடிப்பாகம் வாயைப் பிளந்துருச்சு. ரப்பர் பேண்ட் போட்டு சப்பக் சப்பக்னு போர்த்திகோ பூரா நடந்தேன். எதிர்ல வந்த ஒருத்தர் கூட சிரிக்கல, ஒரு பாட்டி மட்டும் நின்னு எந்தத் தெருவுல செருப்பு தைக்கிறவர் இருக்கார்னு அஞ்சு நிமிஷம் விளக்குனாங்க, எனக்கு ஒரு வார்த்தை புரியல, கிராட்ஸியே கிராட்ஸியேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நவம்பர் 23, சனி, பொலோன்யா, கிளம்புற நாள்

வெயில்! கிளம்புற அன்னைக்கு தான் வரும். சான் லூக்கா மலைக் கோயிலுக்கு 666 வளைவு, கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் போர்த்திகோ வழியா நடந்தே போகலாம்னு ஆசை இருந்துச்சு. பிளந்த ஷூவும் அம்மா மூட்டும் சேர்ந்து வேண்டாம்னு முடிவு பண்ணிருச்சு. கீழ இருந்து பாத்துக் கும்பிட்டாச்சு. 5 யூரோ குடையை ஹோட்டல்லயே விட்டுடலாம்னேன், அம்மா முறைச்சாங்க, அது இப்ப நாகர்கோவில்ல இருக்கு.

ஏர்போர்ட்ல அம்மா பையைத் திறந்து போஸ்ட்கார்டுகளைப் பரப்புனாங்க. மியூசியத்துல நான் அடுத்த ரூம்ல இருந்தப்ப போய் வாங்கிருக்காங்க, ரஃபேல் செசிலியா, அஞ்சு, ஒண்ணு ஒரு யூரோ. ஒண்ணு முன் ரூம்ல காலண்டர் படத்துக்குப் பக்கத்துல, ஒண்ணு பெரியம்மாவுக்கு, ரெண்டு பாடகர் குழுல கூடப் பாடுன அக்காமாருக்கு, ஒண்ணு எனக்கு. அதுல ஒண்ணை எடுத்து அப்படியே கவுத்துப் பிடிச்சு, "இப்ப பெட்டி நேரா இருக்கு, ஆளு தலைகீழா நிக்கிறா"ன்னு சிரிச்சாங்க.

கீபோர்டு வாசிக்கிற தம்பிக்கு ஒண்ணு வாங்கலையாமான்னு கேட்டேன்.

"அவனுக்கு எதுக்கு மக்ளே, கீபோர்டைத் தலைகீழா பிடிச்சா ஒண்ணும் விழாது."